உந்தத் தாளத்துக்கு வலை வராது

“நல்லாத்தான் இருந்தது தம்பி. ஆனா உந்தத் தாளத்துக்கு வலை வராது.”

என் பாட்டு நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒருகாலத்தில் மீன்வலை இழுத்த முதியவர் அப்பு சொன்னது இவ்வளவுதான். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது அது நிச்சயமில்லை.

பாட்டு அவருடையது. அவருடையது என்றால், யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில் கரையில் நின்று கரைவலை இழுத்த எல்லாருடையதும். அம்பா, வலை இழுக்கும்போது பாடுகிற வேலைப்பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் ‘ஏலேலோ’ என்று திருப்பிச் சொல்லும் இடத்தில் இழுப்பு விழும். எனக்குப் பிடித்தது அந்த எடுப்பும் பதிலும்தான். ஜாஸின் வேரிலும் அதுதானே இருக்கிறது? அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் பாடிய வேலைப்பாட்டும் அப்படித்தான். அதனால் அம்பாவை ஜாஸ் பாணியில் மேடைக்குக் கொண்டுவந்தேன்: கிற்றாரில் செவென்த் கோர்ட், டிரம்ஸில் பிரஷ், இடையிடையே கதை. ‘ஏலேலோ’வை மட்டும் அடி விழுந்து ஒரு நூல் பிந்திப் பாடினேன். என் கெட்டித்தனம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பிந்தல்தான். அப்பு பிடித்ததும் அதைத்தான். கயிற்றில் நிற்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை எப்படி வரும்?

சரி, இதோடு விட்டிருக்கலாம். அடுத்த நிகழ்ச்சியில் அவர் சொன்னதையே கதையாகச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்கினேன். மண்டபம் குலுங்கியது. பிறகு நான்கு மேடைகளில் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் கம்பனி ஒன்றும் கிடையாது. பாட்டெழுதுவதிலிருந்து ரிக்கெற் விற்பது வரை நானேதான். சிரிக்க வைத்தால்தான் சனம் அடுத்த பாட்டுக்கும் இருக்கும்.

போன மாதம் அப்பு வீட்டுக்குப் போனேன். “பேரன் போனிலை காட்டினவன்,” என்றார். “சனம் சிரிக்குது, என்ன?”

அந்த ‘என்ன’தான் என்னை விடமாட்டேன் என்கிறது. நாங்கள் எதற்கும் போடுகிற ‘என்ன’தான் அது. மழை வரும்போல, என்ன? என்று கேட்பதைப் போல. ஆனால் அவர் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை அப்பு. என்னைப் பாத்துத்தான்,” என்றேன். பொய்யில்லை. கதையில் அசடு வழிபவன் நான்தான். ஆனால் மேடையில் அவருடைய குரலையும் இழுவையையும் செய்துகாட்டியிருக்கிறேன். வசனம் முடியமுன்னமே, குரலுக்கே சிரிப்பு வந்ததையும் கவனித்திருக்கிறேன். நான் கடற்கரைப் பிள்ளையில்லை, செம்மண் தோட்டப் பக்கத்துப் பிள்ளை. கடற்கரைப் பேச்சு எங்கள் பக்கத்தில் எதற்குச் சிரிப்பாகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. பாட்டுக்கு அனுமதி கேட்டேன். “அதுக்கென்ன, பாடுமன்,” என்றார். அவர் சொன்ன ஒரு வசனத்துக்கு யார் அனுமதி கேட்பார்கள்? வேலைப்பாட்டை ஜாஸுக்குக் கொண்டுபோனவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கொண்டுபோனார்கள் என்பது எனக்கு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

இன்னொன்று நாக்கு நுனி வரை வந்தது. இப்போது உழவு இயந்திரம் கட்டி வலை இழுக்கிறார்கள். “உங்கட தாளத்துக்கும் இப்ப வலை வாறேல்லையே அப்பு” என்று கேட்க வந்து விழுங்கிக்கொண்டேன். மரியாதைக்கு விழுங்கினேன் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம், நல்ல பதிலொன்று தந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதுதான் பயமாக இருக்கிறது. நான் தேடுவது பதிலையா, மேடைக்கு இன்னொரு வசனத்தையா?

அப்பு பிறகு ஒன்றும் பேசவில்லை. பழைய கயிறொன்றைப் பூவரசில் கட்டி மறுநுனியை என் கையில் தந்தார். “இழுத்துப் பாரும். பாடிக்கொண்டு.”

இரண்டு தரம் குரல் முந்தியது. மூன்றாம் தரம் குதி மண்ணில் புதைய, இழுப்போடு ‘ஏலேலோ’ தானாக வந்தது. பாட்டாக இல்லை, முக்கலாக வந்தது. மைக்கில் வைக்கமுடியாத சத்தம். அப்பு தலையை மட்டும் ஆட்டினார்.

நேற்று ஒத்திகையில் இதையெல்லாம் டிரம்ஸ்காரத் தம்பியிடம் சொன்னேன். “அப்ப இழுக்கிற இடத்திலை அடிக்கவோ அண்ணை?” என்று கேட்டான்.

“வேண்டாம். பழையபடியே அடி,” என்றேன்.