புகுந்த வீட்டு மான்செஸ்டர்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் ஆளாளுக்கு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊரு புடிச்சிருக்கா?" நானும் ஆளாளுக்கு ஒரே பதிலைத்தான் சொன்னேன். வெயில்? பரவாயில்லை. சாப்பாடு? நல்லா இருக்கு. மாமியார்? தங்கமானவங்க. விருந்துக்குப் போன இடத்தில் உப்பு குறைவு என்று யாராவது சொல்வார்களா? 2024 செப்டம்பரில் வந்தேன். அந்த வருஷம் முடிகிறவரை இந்த நாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோழிக்குழம்பில் உருளைக்கிழங்கைப் போடுகிறார்களே, அதுகூட.

வேலைக்கும் போக முடியாது. மனைவி என்ற முறையில் தருகிற பாஸில் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். அது வரும்வரை வீடு, கோயில், சந்தை. மாமாவின் பழைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேரத் தூரம். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. 1948 ஜூன் 16-ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைச் சுட்டதும், அதிலிருந்து பன்னிரண்டு வருஷம் அவசரகாலம் நடந்ததும் இந்த ஊர்ப்பக்கம் தொடங்கிய கதை. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிகளிடம் மாதாமாதம் பத்து வெள்ளி வாங்கி, 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கினாரே, அவர். மாமாவின் அப்பாவும் கட்டியிருக்கிறார். இதையெல்லாம் மாமா சொன்னார். ஆனால் அவர் முதலில் கொண்டுபோய்க் காட்டியது கோயிலையோ சம்பந்தன் பேரையோ அல்ல, ஒரு செம்பனைக் காட்டை. "இதுதாம்மா எங்க பந்துத் திடலு. அந்தா, அந்த மரம் நிக்கிற எடத்துலதான் கோல் கம்பம்."

மாமா தோட்ட டீமில் கோல்கீப்பர். அவருக்குத் தெய்வம் ஆறுமுகம். நீளக் கை, ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட ஆள். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றபோது கோலில் நின்றவர். புறக்கணிப்பால் டீம் போகவே இல்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் போய்விட்டார். மாமா இதைச் சொல்லும்போது, ஒலிம்பிக்குக்குப் போகாததுதான் பெரிய சாவு போலத் தோன்றும்.

பிள்ளைகள் வேறு மதம். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட். பக்கத்து வீட்டு ஆன்டி லிவர்பூல். மாமா மட்டும் பேராக், எங்கள் மாநில டீம். 2018-இல் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் திரங்கானுவோடு 3-3 என்று முடிந்து, பெனால்டியில் பேராக் ஜெயித்ததை அவர் சொல்லி நான் கேட்காத வாரம் இல்லை.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊர் ஹாக்கி ஊர். அதனால் கோல் கம்பம் எனக்குப் புதிதில்லை. இந்த ஆஃப்சைடுதான் மண்டையில் ஏறவில்லை. ஹாக்கியில் 1998-லேயே அதைத் தூக்கிவிட்டார்கள், ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. "அப்ப இவங்க ஏன் இன்னும் வச்சிருக்காங்க?" என்று கேட்டால் வீட்டுக்காரர் உப்பு, மிளகுத்தூள் டப்பாக்களை மேசையில் அடுக்கி விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் அங்கே ஒரு கோல் வாங்கியிருப்பார்கள்.

அந்த சீசன் எப்படிப்பட்டது என்று காற்பந்து பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, அக்டோபர் 28, நானும் அத்தையும் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். முன்கூடத்தில் கொழுந்தனார் "தூக்கிட்டான்! தூக்கிட்டான்!" என்று கத்துகிறார். யாரையோ போலீஸ் தூக்கிவிட்டது என்று பதறிப்போய் ஓடினால், யுனைடெட் கோச் டென் ஹாக்கை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களாம். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வந்து சூடாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அத்தை எண்ணெயைப் பார்த்தபடியே, "ஒருத்தன் பொழப்பு போயிருக்கு, உனக்கு முறுக்கு கேக்குதா" என்றார்.

தீபாவளி அன்று விடியற்காலையிலும் ஒரு ஆட்டம் வந்து வாய்த்தது. மூன்றே முக்காலுக்கு லெஸ்டரோடு. தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, பழைய துண்டைத் தோளில் போட்டு, அண்ணனும் தம்பியும் சோபாவில் படக்கூடாது என்று தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 5-2. தற்காலிகக் கோச் வான் நிஸ்டல்ரோய்க்கு முதல் ஆட்டம். எண்ணெய் காது வழியாக இறங்குகிறது, கவனிக்க ஆளில்லை. "தல தீபாவளிக்கு நல்ல சகுனம்" என்று என்னிடம் சொன்னார் வீட்டுக்காரர். இவர்களுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், லீக்கையே ஜெயித்த மாதிரி. நல்ல சகுனமெல்லாம் அடுத்த மாதம் புதுக் கோச் அமோரிம் வருகிறவரைக்கும்தான்.

அமோரிம் வந்ததும் வீட்டில் பேச்செல்லாம் பின்வரிசையில் மூன்று பேரா நான்கு பேரா என்பதுதான். மாமாவுக்கு அதில் கருத்து உண்டு. "மூணு பேர வச்சி கோல காப்பாத்த முடியுமாடா? நாங்க அஞ்சு பேர வச்சே பத்து வாங்கினோம்." டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம், இங்கே நள்ளிரவுக்கு மேல். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை ஒரு கோல் பின்தங்கி இருந்துவிட்டு, புரூனோ ஒரு பெனால்டி, அமாட் ஒரு கோல், 2-1. அந்த ராத்திரி வீட்டுக்காரர் என்னை எழுப்பி, தூங்கிக்கொண்டிருந்தவளிடம் முழு ஆட்டத்தையும் சொன்னார். நம்பிக்கை என்கிற சனியன் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு அந்த மாதத்தில் லீக்கில் ஒன்றும் தேறவில்லை.

எனக்கு வாய் திறந்தது ஜனவரி 19. பொங்கல் முடிந்த ஞாயிறு, இரவு பத்து மணி ஆட்டம், பிரைட்டனோடு. பெரியப்பா வீட்டு ஆட்களும் வந்து கூடம் நிறைய ஜனம். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிறேன். ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி இருக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு பந்து கும்பிட்டுக்கொண்டு வருகிற மாதிரி வருகிறது. யுனைடெட் கோல்கீப்பர் ஓனானா அதைப் பிடித்து, பிடித்ததை நழுவவிட்டு, எதிராளியின் காலடியில் வைத்தார். மூன்றாவது கோல். என் வாயிலிருந்து தானாக வந்தது: "கூறுகெட்ட மூதி! இதக்கூடப் புடிக்கத் தெரியாதா ஒனக்கு?"

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் கை கால் ஆடிவிட்டது, மாமனார் முன்னால் 'மூதி' என்றுவிட்டோமே என்று. மாமா ஒரு நொடி பார்த்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். "அதான்! கோல்கீப்பரத் திட்டத் தெரிஞ்சாத்தான் பந்து பார்க்கிறதுக்கு அர்த்தம். பிள்ளைக்கு எடம் குடுங்கடா." அன்றுதான் அந்த சோபாவில் முதல் தடவையாக நடுவில் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்து அமோரிமே, கிளப் வரலாற்றிலேயே மோசமான டீம் இதுவாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மோசமான டீம்தான். ஆனால் எனக்கு அது செய்த உபகாரம் அதற்குத் தெரியாது. அந்த வாரமே அத்தையிடம் உருளைக்கிழங்கு விஷயத்தைச் சொன்னேன். அத்தை கோபப்படவில்லை. "அப்ப நீ ஆக்கு, பார்ப்போம்" என்றார். ஆக்கினேன். கொழுந்தனார் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, உருளைக்கெழங்கு எங்க?" என்றார். சரி, போகட்டும்.

பிறகு வாய் நிற்கவில்லை. மதியம் மூன்று மணிக்குத் தவறாமல் கொட்டுகிற மழை, காயாத துணி, பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வடைக்குச் சொல்கிற விலை, எல்லாவற்றையும் திட்ட ஆரம்பித்தேன். திட்டத் திட்ட ஆட்கள் என்னோடு அதிகம் பேசினார்கள். "ஊரு புடிச்சிருக்கா" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னம்மா, உங்க ஆளுங்க நேத்தும் வாங்கிக் கட்டிக்கிட்டாங்களாமே?" என்பார். 'உங்க ஆளுங்க.' யார் வீட்டு ஆட்களோ, ஆனால் கேட்கும்போது எனக்கு ரோஷம் வந்தது. ஏப்ரலில் லிவர்பூல் சாம்பியன் ஆனபோது ஆன்டி செக்கச் செவேலென்று கேசரி கிண்டிக் கொடுத்தார். இருபதாவது பட்டம், யுனைடெட்டோடு சமமாகிவிட்டார்கள். வீட்டுக்காரர் அந்தக் கேசரியைத் தொடவில்லை. நானும் அத்தையும் சாப்பிட்டோம். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்.

ஆஃப்சைடு புரிந்ததும் அந்த சீசனில்தான். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், எஃப்.ஏ. கிண்ணத்தில் மறுபடி லெஸ்டர். இப்போது அந்தப் பக்கம் கோச் அதே வான் நிஸ்டல்ரோய். கடைசி நிமிஷத்தில் யுனைடெட்டின் மெகுவையர் தலையால் முட்டி 2-1. பந்தை அவர் பக்கம் அனுப்பின நேரத்திலேயே அவர் எதிராளியின் பின்வரிசையைத் தாண்டி, ஆஃப்சைடில் நிற்பது எனக்கே தெரிந்தது. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது, கோல் கோல்தான். "இது ஆஃப்சைடுதானே?" என்றேன். கூடத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை.

யூரோப்பா லீக் காலிறுதியில் லியோனோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் 18, விடியற்காலை மூன்று மணி. முதல் ஆட்டம் 2-2. வீட்டில் பார்த்தால் அத்தை தூக்கம் கெடும் என்று கடைத்தெருவில் 'மாமாக்' கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பெரிய திரை, ஈரத் தரை, பாதி மேசைகளில் சிவப்புச் சட்டை. தோட்டத்தில் வேலை செய்கிற இந்தோனேசியப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள், நம் ஆட்கள். பரிமாறுகிற தம்பிக்கு அறந்தாங்கிப் பக்கம். நான் பேசுவதைக் கேட்டதும், "அக்கா, ஊருப்பக்கமா?" என்று கேட்டுவிட்டு, சொல்லாமலே தே தாரிக் டீயில் சீனி குறைத்துக் கொண்டுவந்தான்.

இடைவேளையில் 2-0. ரொட்டி சானாய் இன்னொன்று சொன்னார்கள். பிறகு ஆறு நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல் வாங்கி 2-2. லியோன் பக்கம் ஒருவரை வெளியே அனுப்பியும் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பத்துப் பேரோடு ஆடி மேலும் இரண்டு போட்டார்கள், 2-4. கடையில் நாற்காலி இழுக்கிற சத்தம். எழுந்தவர்களில் கொழுந்தனாரும் ஒருவர். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார், பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்ப்பதிவுக்குப் போக வேண்டும். "இவனுங்களுக்காக வேலய விடணுமா? பண்ணாட பயலுக" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சீசன் முழுக்க ஒரு ஆட்டம் விடாத ஆள்.

அவர் மோட்டார் சத்தம் முக்குத் திரும்பியிருக்காது. 114-ஆவது நிமிஷம் புரூனோ பெனால்டி. 120-இல் மைனூ. அதற்கடுத்த நிமிஷம் மெகுவையர், அதே தலை. 5-4. கடையில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. யாரோ ஒரு இந்தோனேசியப் பையன் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், அறந்தாங்கித் தம்பி தட்டைக் கீழே போட்டுவிட்டு முதலாளியைப் பார்க்கிறான், முதலாளி மேசைமேல் ஏறி நிற்கிறார். வெளியே மசூதியில் சுபுஹுக்கு அழைக்கிற நேரம் நெருங்கிவிட்டது. கொழுந்தனாருக்கு அழைத்தோம். தோட்டத்து வாசலில் லாரியில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறார். சிக்னல் மெகுவையருக்கு முன்னால் நின்றுவிட்டதாம். இன்றுவரை அந்தக் கோலைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்.

யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் மே 22 விடியற்காலை. டாட்டன்ஹாம் 1, யுனைடெட் 0. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லீக்கில் 42 புள்ளி, பதினைந்தாவது இடம்.

தோற்ற கையோடு அந்த டீம் விமானம் ஏறி எங்கள் நாட்டுக்கே வந்தது. மே 28, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கம், ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளின் நட்சத்திரங்களோடு நட்பு ஆட்டம். ஊர்ப் பையன்கள் வேன் பிடித்தார்கள், நாங்களும் தொற்றிக்கொண்டோம். எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஜனம். சீசன் முழுக்கத் திரையில் திட்டிய முகங்களை நேரில் பார்த்ததும் திட்ட வரவில்லை. எழுபத்தோராவது நிமிஷம் மாவுங் மாவுங் லுவின் என்ற மியன்மார்க்காரர் கோல் போட்டார். எங்களுக்கு முன்வரிசையில் மியன்மார்த் தொழிலாளிகள் கூட்டம், ஏதோ தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தார்கள். ஒருவர் குந்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் கொழுந்தனார் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். 0-1. ஆட்டம் முடிந்ததும் அரங்கமே கேலியாக 'பூ' என்று கத்தியது. என் குரலும் அதில் உண்டு. எங்கள் வீட்டுக்கே வந்து எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போனவர்களுக்கு வேறென்ன சொல்வது? தோற்றது அவர்கள்தான், ஆனால் வேனில் திரும்பும்போது தோற்ற மாதிரி உட்கார்ந்திருந்தது நாங்கள்.

மாமா வரவில்லை. அவருக்கு அடி அடுத்த மாதம் விழுந்தது. பணப் பிரச்சினையால் பேராக் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மகன்களைப் பார்த்து ஒன்று கேட்டார்: "பதினஞ்சாவது எடம்னு அழுதீங்களே. எனக்குக் கடைசி எடங்கூட இல்ல. நான் எவனத் திட்டுறது?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அத்தை மட்டும், "என்னத் திட்டுங்க, பழகின வாய்தானே" என்றார். மாமா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் வந்தது, புது சீசன், புது ஆட்கள், வீட்டுக்காரருக்குப் புது நம்பிக்கை. தெருவில் சுதந்திர தினத்துக்குக் கொடி கட்டிய வாரம். 28-ஆம் தேதி விடியற்காலை கிரிம்ஸ்பி என்கிற நாலாம் டிவிஷன் டீமிடம் பெனால்டியில் 12-11 என்று தோற்றுப்போனார்கள். காலையில் கோவில்பட்டியிலிருந்து தம்பி அழைத்தான். எங்கேயோ மீம் பார்த்திருக்கிறான்.

"ஏக்கா, ஒங்க டீமு ஏதோ பட்டிக்காட்டு டீமுகிட்ட வாங்கிட்டு வந்துட்டாமே?"

"ஒனக்கென்னல தெரியும் அதப்பத்தி? போன வைல."

வைத்துவிட்டான். சனிக்கிழமை பர்ன்லியோடு, ராத்திரி பத்து மணிக்கு. பெரியப்பா வீட்டு ஆட்களும் வருகிறார்கள், இரண்டு கோழி வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு அரைக் கிலோ போதும்.