மூடியைக் கழற்றினால் தெரிவது

கஞ்சிக்கோட்டில் நாங்கள் பார்ப்பது காலிபரேஷன் வேலையும் ரிப்பேர் வேலையும். வாளையார் தாண்டிப் பாலக்காடு போகிற வழியில், இரும்பு உருக்கும் உலைகளுக்கும் ரோலிங் மில்களுக்கும் நடுவே ஒரு சின்ன லேப். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்ப் கம்பெனிகளும் அனுப்புவார்கள். மல்டிமீட்டர், ஒயரைக் கவ்விக் கரண்ட் பார்க்கிற டாங் டெஸ்டர், இன்சுலேஷன் பார்க்கிற மெக்கர், பவர் சப்ளை, எப்போதாவது சிக்னலை அலையாகத் திரையில் காட்டுகிற ஓர் ஆசிலோஸ்கோப் வரும். காலிபரேஷனுக்குப் பெரும்பாலும் மூடியைக் கழற்றவே வேண்டாம். ரீடிங் சரியா தப்பா என்று வெளியிலிருந்தே பார்த்துச் சான்றிதழ் எழுதிவிடலாம். ரிப்பேருக்கு வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் நடப்பதால் ஒன்று நன்றாகப் புரிந்தது: ரீடிங் புள்ளி பிசகாமல் காட்டுகிற மீட்டரின் வயிற்றைத் திறந்தால் பகீரென்று இருக்கும். ரீடிங் கொஞ்சம் தள்ளிக் காட்டுகிற பழைய மீட்டரின் உள்ளே பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

மல்டிமீட்டரைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஃபியூஸ். ஐ.சி., டிஸ்ப்ளே எல்லாம் அப்புறம்தான். கரண்ட் பார்க்க ஒயர் செருகுகிற ஓட்டைக்குப் பின்னால் பீங்கான் உடம்போடு தடித்த ஃபியூஸ் இருக்கிறதா, இல்லை ரேடியோவில் போடுகிற 20 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கே பாதித் தீர்ப்பு வந்துவிடும்.

காரணம் எங்கள் ஊர் மில்கள்தான். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 433 வோல்ட், 5 சதவீத இம்பீடன்ஸ் (உள்தடை) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயிலேயே ஷார்ட் ஆனால் 13,000 ஆம்பியர் வரை பாயும். பேனல் போர்டு வரும்போது கேபிள் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், ஆனாலும் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். எலக்ட்ரீஷியன் சற்று முன்னால் கரண்ட் பார்த்திருப்பார். ஒயரைப் பத்து ஆம்பியர் ஓட்டையிலிருந்து மாற்ற மறந்து, வோல்டேஜ் பார்க்கிற நினைப்பில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைப்பார். மீட்டருக்குள் அந்தப் பாதையில் இருப்பது நூறில் ஒரு பங்கு ஓம்தான். நேரடி ஷார்ட். சாதாரண 10 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் 250 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரைதான் ஒழுங்காக அறுத்துவிடும். அதற்கு மேலே போனால் உள்ளே இருக்கிற கம்பி ஆவியாகி, அந்த ஆவி வழியாகவே ஆர்க் தொடரும். கண்ணாடி சிதறும், மீட்டர் கையிலேயே பிளக்கும். நல்ல மீட்டரில் போடுகிற 11 ஆம்பியர், 1000 வோல்ட் பீங்கான் ஃபியூஸுக்குள் மணல் நிரப்பியிருப்பார்கள். ஆர்க்கின் சூட்டில் மணல் உருகி, சூட்டை உறிஞ்சி, பாதையை அடைத்துவிடும். 20,000 ஆம்பியர் வரை அறுப்பதற்கென்றே செய்த சரக்கு அது. விலை கேட்டால் சிலருக்கு மயக்கம் வரும். சீன மீட்டர் ஒன்றே வாங்கிவிடலாமே என்பார்கள். அதில் பொய்யும் இல்லை.

முகப்பில் 'கேட் த்ரீ 1000 வோல்ட்', அதாவது பேனல் போர்டு ஒயரிங்கில் பயன்படுத்தலாம் என்கிற பாதுகாப்பு வகை, என்று அச்சடித்துவிட்டு உள்ளே கண்ணாடி ஃபியூஸ் வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வகைக்கு ஐஇசி 61010 என்கிற பாதுகாப்புத் தரம் சொல்கிறபடி, கண நேரத்தில் வந்துபோகிற 8,000 வோல்ட் இம்பல்ஸைத் தாங்க வேண்டும். தாங்குமா என்பதைப் போர்டே சொல்லிவிடும். ஒயர் செருகுகிற ஓட்டைகளுக்குப் பின்னால் திடீர் வோல்டேஜை உறிஞ்சுகிற வட்டமான எம்ஓவி வில்லைகள், அவற்றோடு சூடானால் கரண்டைத் தடுக்கிற ஒரு பிடிசி, தடியான ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். போர்டில் அங்கங்கே நீளவாக்கில் வெட்டிய பிளவுகள் இருக்க வேண்டும். தூசியும் ஈரமும் படிந்து ஒரு செம்பு டிராக்கிலிருந்து இன்னொரு டிராக்குக்குப் பொறி தாவாமல் இருக்கத்தான் அந்தப் பிளவு. மலிவு மீட்டரில் இன்னொரு கூத்து உண்டு. போர்டில் 'எம்ஓவி 1', 'எம்ஓவி 2' என்று வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும், கால் நுழைக்கிற துளைகளும் இருக்கும், பாகம் மட்டும் இருக்காது. டிசைன் செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கணக்குப் பார்த்தவர் பிடுங்கிவிட்டார். இதைப் பார்த்தால், விஷயம் தெரியாமல் செய்தவன் மேல் வருவதைவிட அதிகக் கோபம் எனக்கு வரும்.

நான் கட்டுமானத்தை எடைபோடுவது ஒரே அளவுகோலில்தான்: செய்தவன் இது கெட்டுப்போகும் நாளை நினைத்துப் பார்த்தானா? வேலை செய்யும் நாளை நினைத்து எல்லோரும்தான் செய்கிறார்கள்.

எங்களோடு ஒரு மூத்தவர் இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்து ஆள், பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். பவர் சப்ளை எது வந்தாலும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, நேராக மூலையில் போய் நிற்பார். "அழகு பாக்கண்டா தம்பி, ஏர்த் பாரு" என்பார். பச்சை மஞ்சள் ஒயர் வளையம் போன்ற உலோக முனையில் (லக்) நசுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறதா, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிகிறதா, அடியில் பல் வாஷர் இருக்கிறதா, அந்த ஸ்க்ரூ ஏர்த்துக்கு மட்டுமானதா, இல்லை டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவிலேயே சேர்த்து மாட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசியில் சொன்னது ஆபத்தானது. நாளைக்கு யாராவது டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மாட்டும்போது ஏர்த் விட்டுப்போகும், பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. பெட்டியில் மெயின்ஸ் வருகிற இடத்தின் ஏர்த் முனையிலிருந்து பெட்டி உடம்பு வரைக்கும் 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. புதுப் பெட்டியில் எல்லாமே அதற்குள்தான் காட்டும். மூன்று மழைக்காலம் கழித்து எது காட்டும் என்பதைப் பல் வாஷர்தான் தீர்மானிக்கும்.

மெயின்ஸ் ஒயரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நல்ல வேலைக்காரன் ஒயரை முதலில் டேகின் (ஒயர் மாட்டுகிற சின்னத் தகட்டின்) துளையில் நுழைத்து மடக்கிவிட்டு அப்புறம்தான் சால்டர் வைப்பான். ஈயம் விட்டுப்போனாலும் ஒயர் தொங்கிப் போய்ப் பெட்டியைத் தொடாது. மேலே ஸ்லீவ் போட்டு, பக்கத்து ஒயரோடு சேர்த்து ஒரு டை கட்டியிருப்பான். மட்டமான பெட்டியில் இரண்டு ஒயர் முனையைப் பக்கத்தில் வைத்து ஈயத்தைத் தடவி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடும் வெயிலில், அந்த டேப்பின் பசை இளகிக் கையில் ஒட்டும். டேப் தனியே கழன்று வரும்.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கும் சூடுதான் எமன். 85 டிகிரி என்று எழுதியதா, 105 என்று எழுதியதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நல்ல ஜப்பான் கெப்பாசிட்டரை வாங்கிக் கொண்டுவந்து சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்கின் தோளில் உரசுகிற மாதிரி நட்டுவைத்தால், கொடுத்த காசெல்லாம் வீண். தலை உப்பி, உச்சியில் இருக்கிற வெட்டுக்கோடு பிளந்து நிற்பதைப் பார்த்தால் அண்டை வீட்டுக்காரர் யார் என்று உடனே தேடுவேன்.

எல்லாருக்கும் காட்ட ஆசைப்படுவது டெக்ட்ரானிக்ஸ் 500 வரிசை ஸ்கோப்புகளை. 1950, 60களின் வால்வு ஸ்கோப்புகள், ஒருவர் தனியாகத் தூக்குவது கஷ்டம். உள்ளே போர்டு என்று பெரிதாகக் கிடையாது. வெள்ளைப் பீங்கான் பட்டைகளில் வரிசையாகக் காடி வெட்டி, ஒவ்வொரு காடியிலும் வெள்ளி படிய வைத்து, பாகங்களை அதில் கையால் வைத்து ஈயம் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண ஈயத்தை அதில் பலதடவை உருக்கினால், அந்த ஈயம் வெள்ளியைக் கரைத்து எடுத்துவிடும், பிறகு ஒட்டாது. அதனால் சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம்தான் பயன்படுத்த வேண்டும். இதை மேனுவலில் எழுதியதோடு அந்தக் கம்பெனி நிற்கவில்லை. பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னச் சுருள் வெள்ளி ஈயத்தைச் சுற்றி மாட்டி அனுப்பியது. பல வருஷம் கழித்து, எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒரு மெக்கானிக் மூடியைத் திறப்பான், அவன் கையில் இந்த ஈயம் இருக்காது என்று ஒருவர் யோசித்திருக்கிறார். இதற்கு மேல் கட்டுமானத் தரத்துக்கு என்ன விளக்கம் கொடுப்பது?

பழசு எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. எண்பதுகளின் நல்ல ஸ்கோப்புகள் சிலவற்றில் காலிபரேஷன் எண்களை பேட்டரி உள்ளடங்கிய மெமரி சிப்பில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் எண்கள் போச்சு. உள்ளே பார்க்க வெகு அழகாக இருக்கும், அந்தச் சிப்பைப் பார்த்தால் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதே மாதிரி, உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததும் நிறைய இருக்கிறது. ரைகால் என்ற சீனக் கம்பெனியின் டிஎஸ்1052இ என்ற 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் 100 மெகாஹெர்ட்ஸ் டிஎஸ்1102இயும் உள்ளே ஒரே சரக்கு. வித்தியாசம் சாஃப்ட்வேரில்தான். அதில் நொடிக்கு 40 மெகா சாம்பிளுக்கு என்று விற்கிற ஏடிசிகளை (சிக்னலை எண்ணாக மாற்றுகிற சிப்புகளை) 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் திட்டினார்கள். ஸ்கோப்புகளோ தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மூடியைக் கழற்றியதும் தீர்ப்பு சொல்லத் துடிப்பவர்களுக்கு அது நல்ல பாடம், எனக்கும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் மீட்டரைப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்களை நானும் விரும்பிப் பார்ப்பேன். அவர்கள் பார்க்காத ஒன்றை நாங்கள் பார்க்கிறோம்: பல்லி. டிரான்ஸ்ஃபார்மரின் இளஞ்சூட்டில் முட்டையிட வருகிறது. காற்றுப் போக வைத்த ஓட்டை ஒரு விரல் நுழைகிற அளவு இருந்தால் பெட்டி அதற்குத்தான் சொந்தம். முட்டை ஓடுகளை எடுத்துவிடலாம், எச்சம் பட்ட இடத்தில் டிராக் பச்சை பூத்துவிடும். ஆடி மாதம் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது, சால்டர் ஒட்டுவதற்குப் போட்டு, பின் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் பிசுக்கு தன் வேலையைக் காட்டும். 10 மெகா ஓம் இன்புட் உள்ள மீட்டரில் ஒன்றும் தொடாமலேயே ரீடிங் அலையும். மில்லிலிருந்து வருகிற பெட்டியில் ஃபேன் இருந்தால் அது வேறு கதை. இரும்புத் தூசியை உள்ளே இழுத்து, ஹீட் சிங்க் இறகுகளில் கறுப்பு மாவு மாதிரி அப்பி வைத்திருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் போர்டில் விழும், காந்தத்தால்தான் இழுத்து எடுக்க வேண்டும். அதனால் உலைப்பக்கத்துக்கு ஃபேன் இல்லாத, பெரிய ஹீட் சிங்க் வைத்த கனமான பெட்டிதான் நல்லது என்பேன். உள்ளே பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

சில சின்ன விஷயங்கள் கையிலேயே தெரியும். மூடி ஸ்க்ரூ பித்தளை மரையில் இறங்குகிறதா, நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்குகிறதா? பின்னது நாலு தடவை கழற்றி மாட்டினால் வழுக்கும். இரண்டு மூடிகளும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி உட்காருகிறதா, விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கிறதா? உள்ளே வெடித்தால் நெருப்பு வெளியே வருகிற வழி அந்த இடுக்குதான். ரோட்டரி ஸ்விட்சைக் கழற்றும்போது இரண்டு குட்டி எஃகுக் குண்டுகள் தெறித்து ஓடும். அதைத் தேடும் நேரத்தை யாரும் பில்லில் போடுவதில்லை.

ஒரு மில்லின் பர்ச்சேஸ்காரரோடு இதைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. "ஏனுங்க, ரெண்டும் மஞ்சக் கலருதானுங்க, ரெண்டுலயும் ஆயிரம் வோல்ட்டுனுதான் போட்டிருக்கு, ஒண்ணு பத்து மடங்கு விலைனா ஆடிட்டருக்கு நான் என்னன்னு சொல்றது?" நியாயமான கேள்வி. அந்த மஞ்சளுக்கே ஒரு கதை உண்டு. சாம்பல் முகமும் மஞ்சள் ஓரமும் மீட்டர் செய்கிற ஃப்ளூக் கம்பெனியின் வணிக அடையாளம் என்று சொல்லி, 2014-ல் அமெரிக்கச் சுங்கத்துறை எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கிற ஸ்பார்க்ஃபன் நிறுவனம் வரவழைத்த 2,000 மீட்டர்களை நிறுத்திவைத்தது. நிறத்துக்கு அவ்வளவு மதிப்பு. நான் இரண்டு மீட்டரையும் அவர் எதிரிலேயே திறந்து, இரண்டு ஃபியூஸையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியின் கனமே தெரியவில்லை, பீங்கான் கனத்தது. "இது ஃபியூஸுங்களா?" என்று பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேனல் போர்டுக்குப் போகிறவர்களுக்கு நல்ல மீட்டர் வாங்கினார்கள். மலிவு மீட்டர்கள் ஏற்கெனவே வாங்கியவை, தூக்கிப் போட மனமில்லை, அவற்றை 24 வோல்ட் கன்ட்ரோல் ஒயரிங்குக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். எந்த மீட்டர் எங்கே போகும் என்று யாராலும் காவல் காக்க முடியாதே. அதனால் அவற்றின் பத்து ஆம்பியர் ஓட்டையையும் மில்லி ஆம்பியர் ஓட்டையையும் எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுத்தேன். கரண்ட் பார்க்க டாங் டெஸ்டர் இருக்கிறது. அடுத்த காலிபரேஷனுக்கு வந்தபோது அடைப்பு அப்படியே இருந்தது. கூடவே யாரோ ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள்: 'கரண்ட் ரேஞ்ச் வேலை செய்யவில்லை, சரிபார்க்கவும்.'