ஹேவ்லாக்கில் ஸ்கூபா கற்கப் போனோம்: திட்டம் போட்ட விதம்

அந்தமான் பயணத்தில் நாங்கள் முதலில் முடிவு செய்தது திரும்பி வரும் விமானத்தைத்தான். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போட்டோம். காரணம், ஸ்கூபா டைவிங் முடித்தவர் உடனே விமானம் ஏறக்கூடாது. தண்ணீருக்கடியில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. அது மூச்சு வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் போய் உட்கார்ந்தால், கரைந்திருந்த வாயு உடம்புக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமானால் கைகால் விளங்காமல் போவதுவரை கொண்டுபோய் விடும். ஒரே ஒரு டைவ் போட்டிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் போட்டிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது டைவிங் உலகத்தில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. நாங்கள் 24 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இந்த ஒரு விஷயம் மொத்தப் பயணத்தையும் மாற்றிவிடுகிறது. ஏனென்றால் நாங்கள் டைவிங் கற்ற ஹேவ்லாக் தீவில் விமான நிலையம் கிடையாது. (2018 முதல் அதன் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப், போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட் தளங்களில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.) ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம். கடல் சரியில்லை என்றால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கடைசி டைவ், கப்பல், விமானம் மூன்றையும் அடுத்தடுத்து நெருக்கி வைத்தால் ஏதாவது ஒன்று காலை வாரும். எனவே கடைசி டைவுக்கு மறுநாளை ஹேவ்லாக்கிலேயே உள்ள ராதாநகர் கடற்கரைக்கு ஒதுக்கினோம். அதற்கடுத்த நாள் காலைக் கப்பல், மதியம் செல்லுலார் சிறை, இரவு போர்ட் பிளேரில் தங்கல், மறுநாள் விமானம். சிறையை அவசரமில்லாமல் பார்க்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

ஏன் அந்தமான் என்று பலர் கேட்டார்கள். லட்சத்தீவுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். மாலத்தீவில் செலவெல்லாம் டாலர் கணக்கு. மதுரைக்காரர்களான எங்களுக்குச் சென்னை போய்விட்டால் அங்கிருந்து இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் போர்ட் பிளேர். பாஸ்போர்ட்டும் தேவையில்லை. மாதம் மார்ச். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கும். டிசம்பர், ஜனவரியில் கூட்டம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும்.

பணம் கட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: மருத்துவப் படிவம். டைவ் சென்டர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விப் பட்டியலைத்தான் தருகின்றன. ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, ரத்த அழுத்த மாத்திரை என்று நீளும். என் கணவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. "முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்தது, அதையெல்லாம் போட்டா விடமாட்டாங்க" என்றார். நிறையப் பேர் இந்த இடத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரிகிறது. மூச்சுக்குழாய் சுருங்கி, அந்தக் காற்று எங்காவது சிக்கிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். நாங்கள் நெஞ்சு நோய் மருத்துவரிடம் போனோம். குழாயில் ஊதச் சொல்லி ஒரு டெஸ்ட், உடற்பயிற்சி செய்யவைத்து மறுபடி அதே டெஸ்ட். எல்லாம் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு இறங்கக் கூடாது, எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி" என்று என் கணவரிடம் ரெண்டு தடவை சொன்னார்.

அடுத்து, எந்த வகை டைவ் என்ற முடிவு. நீச்சல் தெரியாதவர்களும் செய்யக்கூடியது, இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டே கூட்டிப்போகும் அறிமுக டைவ். அதிகபட்சம் 12 மீட்டர். பெரும்பாலான டூர் பேக்கேஜில் வருவது இதுதான். இன்னொன்று ஓப்பன் வாட்டர் சான்றிதழ்: பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் வரை. செலவு ஒருவருக்கு முப்பதாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். நாங்கள் தங்கும் அறையைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு பணத்தை இதில் போட்டோம். அந்தப் பணம் முழுக்கத் தகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாடங்களை ஊரிலேயே ஆன்லைனில் முடித்துவிடலாம். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நேரக் கணக்கு கிடையாது என்பதால், வேகமில்லாத எனக்கு அது சிரமமாக இல்லை.

டைவ் சென்டரைத் தேர்ந்தெடுக்க நான் போனில் கேட்டவை இவ்வளவுதான்: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் உண்டா? ஒருவருக்கு அவசரம் என்றால் எங்கே கொண்டுபோவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒருவர் உடனே, போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில் அழுத்த அறை (உடம்பில் வாயு குமிழியானவரை மறுபடி அழுத்தத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அறை) இருக்கிறது, இந்த வழியாகக் கொண்டுபோவோம் என்று படிப்படியாகச் சொன்னார். இன்னொருவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார். முதலாமவரிடமே பதிந்தோம்.

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். வெயில் ஏறுமுன் ஆறரை மணிக்கெல்லாம் படகில் இருக்க வேண்டும். அந்தத் தீவுகள் அவ்வளவு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான் என்பதால் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது; சாயங்காலமும் சீக்கிரம் இருட்டிவிடும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது காதுதான். முதல் பத்து மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுவதால் மேல்மட்டத்தில்தான் காது அதிகம் படுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், அதுவும் வலி தொடங்கும் முன்பே. எனக்கு வலது காது திறக்கவில்லை. தண்ணீருக்கு மேலே வந்ததும் இன்ஸ்ட்ரக்டர் பையன் சொன்னது: "அக்கா, வலிக்குதுன்னா கீழ போகாதீங்க. ஒரு மீட்டர் மேல ஏறி, எச்சில் முழுங்கிட்டு, அப்புறம் ஊதுங்க. அவசரமே இல்ல, மீன் எங்கயும் போயிடாது." அடுத்த முறை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கை மாற்றிக் கை மாற்றி, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு ஊது ஊதி இறங்கினேன். நான்கு மீட்டர் வாக்கில் காதுக்குள் 'கிளிக்' என்று ஒரு சத்தம், வலி விட்டுப்போனது. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நிறையப் பேரைச் சேர்த்து நடத்தும் இடத்தில் எனக்கு இந்த அவகாசம் கிடைத்திருக்காது.

மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சிக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, மேலே பார்த்தபடி ஊதினால் தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். மிதவைக் கட்டுப்பாடு வர நேரமெடுத்தது. மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்புகிறது, விட்டால் தாழ்கிறது. அது பிடிபட்ட பிறகு கையைக் காலை ஆட்டாமல், வெறும் மூச்சாலேயே பவளத்துக்கு ஒரு முழம் மேலே நிற்க முடிந்தது. கடல் சாமந்திக்குள் கோமாளி மீன்கள் ஒளிந்து எட்டிப்பார்த்தன. பெரிய பாரை மீன் கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. சந்தையில் எடை போட்டு வாங்கியே பழகிய மீன் உயிரோடு திரும்பும்போது எப்படி மின்னுகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

உடைந்த பவளமும் நிறையப் பார்த்தோம். 2010இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின, 2016இலும் வெளுத்தன. எலும்புக் குவியல்போலக் கிடக்கும் துண்டுகளுக்கு நடுவே விரல் நீளத்துக்குப் புதுக் கிளைகள் வந்துகொண்டிருக்கின்றன. அதன்மேல் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) அடி ஒன்று பட்டால் போச்சு. மிதவைப் பயிற்சி முடியாமல் பவளத்துக்கு மேலே போகக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். செத்த பவளத்தையோ சங்கையோ எடுத்துவரவும் கூடாது. சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைப் பார்ப்பார்கள்.

சாமான்களில் மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் கீழே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் உங்கள் அளவு. மற்றதெல்லாம் அங்கே வாடகைக்கு உண்டு. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020இல் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை என்றாலும் சிக்னல் போகும் நேரம் உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சேராது, பாலிசியை வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஹேவ்லாக்கில் பெயர்பெற்ற டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ் எல்லாம் எங்கள் 18 மீட்டருக்குக் கீழேயும் போகும் இடங்கள். அவற்றுக்கு அட்வான்ஸ்டு பயிற்சி வேண்டும், 30 மீட்டர் வரை. அடுத்த மார்ச்சுக்குக் குறித்திருக்கிறோம். மருத்துவப் படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதால் நெஞ்சு நோய் மருத்துவரிடம் ஜனவரியிலேயே நேரம் வாங்கியாயிற்று.