128 வெள்ளி பிளானும் 599 வெள்ளி போனும்: நான் போட்ட கணக்கு

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கைப்பேசியில் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. போனின் ஆண்ட்ராய்டு பழசாகிவிட்டது, இனி இதில் ஓடாது என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. ஐந்து வருடம் உழைத்த போன் அது. மத்தியானத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும், பவர் பேங்க் வைத்துச் சமாளித்து வந்தேன். ஆனால் வீட்டு வாடகை, மின் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாவற்றுக்கும் பணம் போவது அந்தச் செயலி வழியாகத்தான். அதனால் புது போன் வாங்குவதைத் தள்ளிப்போட முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும், இங்கே கோலாலம்பூரில் எனக்கு லைன் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நம் பிள்ளைதான், மரியாதையாகப் பேசினாள். "அக்கா, நீங்க பழைய கஸ்டமர். 1,999 வெள்ளி போன் உங்களுக்கு 599தான்," என்றாள். (வெள்ளி என்றால் எங்கள் மலேசிய ரிங்கிட்.) நான் மனதில் வைத்திருந்த அதே சாம்சங். 128 வெள்ளி பிளானுக்கு மாறி 24 மாதக் காண்ட்ரெக்ட் போட வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். 1,400 வெள்ளி மிச்சமாகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்துக் கொடுத்தேன்.

அவள் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதே போன், அதே பிளான், விலை 199 வெள்ளி. கேட்டதற்கு, வேறு நிறுவனத்திலிருந்து நம்பரை மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்த விலை என்றாள். எட்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் பில் கட்டுகிறவளுக்கு 599, நாளைக்கு வரப்போகிறவருக்கு 199. மனசு கேட்கவில்லை. "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லி ஐசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான்.

அக்கா மகன் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறான். ராத்திரி அவனிடம் சொன்னேன். "சித்தி, போன் விலைய விடுங்க. மொதல்ல உங்க பழைய பில்ல எடுங்க," என்றான். பில்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்ற எண்ணைப் பார்ப்பேன், கட்டிவிடுவேன். அன்றுதான் வரி வரியாகப் படித்தேன்.

98 வெள்ளி பிளான். சரி. அதன் கீழே இன்னொரு 10 வெள்ளி, கருவிப் பாதுகாப்பு என்ற பெயரில். முந்தைய போனைக் காண்ட்ரெக்டில் வாங்கியபோது திரை உடைந்தால் மாற்றித் தருவதற்காகச் சேர்த்த காப்பீடு அது. காண்ட்ரெக்ட் முடிந்து மூன்று வருடம் ஆகியும் அந்தப் பத்து வெள்ளி மட்டும் நிற்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு 360 வெள்ளி. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது, நீங்கள் ரத்து செய்யச் சொல்லவில்லையே என்றார்கள். காண்ட்ரெக்ட் முடிந்ததைக் குறுஞ்செய்தியில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, இதையும் நிறுத்தட்டுமா என்று ஒரு வரி கேட்கத் தெரியவில்லையா? தொலைத்தொடர்பு ஆணையமான எஸ்கேஎம்எம்மில் புகார் கொடுப்பேன் என்று சொன்ன பிறகு மூன்று மாதப் பணம், 30 வெள்ளியை, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். மீதி போனது போனதுதான். நீங்களும் இன்றைக்கே உங்கள் பில்லைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் அவன் நிறுவனத்தின் செயலியில் என் டேட்டா கணக்கைப் பார்க்கச் சொன்னான். ஆறு மாதத்தில் எந்த மாதமும் 18 ஜிபியைத் தாண்டவில்லை. வீட்டில் வைஃபை, அலுவலகத்தில் வைஃபை, மோனோரயிலில் போகும்போது மட்டும்தான் டேட்டா. அதே நிறுவனத்திலேயே காண்ட்ரெக்ட் இல்லாத 40 வெள்ளி பிளான் ஒன்று இருந்தது, எனக்கு அதுவே தாராளம். கவுண்டரில் அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதினோம். காண்ட்ரெக்ட் வழி: போனுக்கு 599, பிளானுக்கு 128 வீதம் 24 மாதம் 3,072. அதற்கு மேல் சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது தொலைத்தொடர்புக்கு மட்டும் 6 விழுக்காடாகவே விட்டார்கள். அந்தக் கணக்கில் 184.32. ஆக மொத்தம் 3,855.32 வெள்ளி. மறுபக்கம், போனைக் கடையில் முழுப்பணம் கொடுத்து வாங்கி, 40 வெள்ளி பிளானில் இருந்தால்? இணையக் கடைகளில் அன்று பார்த்த விலைகளை வைத்துப் போனுக்கு 1,850 என்று போட்டோம். பிளான் 960, வரி 57.60. மொத்தம் 2,867.60.

வித்தியாசம் 987 வெள்ளி 72 காசு.

எனக்கு நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். போனில் 1,400 வெள்ளி தள்ளுபடி கொடுத்துவிட்டு, எனக்குத் தேவையில்லாத பிளானில் மாதம் 88 வெள்ளி கூடுதலாக, 24 மாதத்தில் 2,112 வெள்ளி வாங்கிக்கொள்கிறார்கள். மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. இரண்டு வருட மொத்தத்தைக் கூட்டினால்தான் தெரியும்.

இதற்காகக் காண்ட்ரெக்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நாளெல்லாம் வழிகாட்டி வரைபடம், வீடியோ அழைப்பு, மற்ற போன்களுக்கு ஹாட்ஸ்பாட் என்று டேட்டாவைத் தண்ணீராகச் செலவழிக்கிறவர். எப்படியும் 128 வெள்ளி பிளானில்தான் இருப்பார். அவருக்கு அந்த 1,400 உண்மையான லாபம். எனக்கு இல்லை.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் இம்பி. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் போன், கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா. தரைத்தளத்தில் நுழைந்ததும் நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். அக்கா மகன் முதலிலேயே எனக்கு ஒரு விதி போட்டிருந்தான்: முதல் சுற்றில் எதுவும் வாங்கக் கூடாது, விலையை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏழு கடை ஏறினோம்.

அதே போனுக்கு 1,690லிருந்து 1,999 வரை விலை சொன்னார்கள். 1,690 என்றதும் நான் கிட்டத்தட்ட பணத்தை எடுத்துவிட்டேன். அவன் காதருகில் வந்து, "சித்தி, ஏபி செட்டா ஒரிஜினல் செட்டான்னு கேளுங்க," என்றான். கேட்டேன். ஏபி செட். வேறு நாட்டுக்காகத் தயாரானதை, உற்பத்தி நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியாக இல்லாமல் கொண்டுவந்து விற்பது. போன் போலி இல்லை, நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் உத்தரவாதம் கடையுடையது. பழுதானால் உற்பத்தி நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, இதே கடைக்குத்தான் வர வேண்டும். கடை அடுத்த வருடம் அங்கே இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? நான் ஒரு போனை ஐந்து வருடம் வைத்திருப்பவள். 160 வெள்ளிக்காக அந்தத் தலைவலி வேண்டாம் என்று முடிவு செய்தேன். வருடா வருடம் போன் மாற்றுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

இரண்டாவது சுற்றில், ஒரிஜினல் மலேசியா செட்டை 1,880க்குச் சொன்ன மேல்மாடிக் கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஒரு தமிழ்த் தம்பி. எழுதி வைத்திருந்த தாளை அவர் முன்னால் வைத்து, "தம்பி, 1,850ன்னா இப்பவே வாங்கிக்கிறேன்," என்றேன். முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, கார்டு என்றால் 2 விழுக்காடு கூடும், ரொக்கமோ, வங்கிச் செயலியில் கட்டும் டுயிட்நவ் கியூஆரோ என்றால் 1,850 சரி என்றார். இந்தக் கார்டு கூடுதல் கட்டணத்தை மறக்காமல் முதலிலேயே கேளுங்கள், பேரம் பேசிக் குறைத்த 30 வெள்ளியை அதுவே விழுங்கிவிடும். அடுத்தது, பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது, ஒயர் மட்டும்தான். விலையை இனிக் குறைக்க மாட்டார் என்று தெரிந்த பிறகு சார்ஜரும், திரையில் ஒட்டும் கண்ணாடியும், போன் உறையும் கேட்டேன். சார்ஜருக்குப் பாதி விலை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் சும்மா கொடுத்தார். எனக்குத் திருப்தி.

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் முத்திரையை என் முன்னால் பிரிக்கச் சொன்னேன். *#06# அடித்தால் திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று அக்கா மகன் இலக்கம் இலக்கமாகப் படித்துச் சரிபார்த்தான். இங்கே விற்கும் போனுக்குத் தரச் சான்று கொடுக்கும் சிரிம் நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும், அந்த முத்திரையும் இருந்தது. ரசீதில் ஒரிஜினல் மலேசியா செட், ஒரு வருட நிறுவன உத்தரவாதம், ஐஎம்இஐ எண் மூன்றையும் எழுதி வாங்கினோம். நாளைக்குத் தகராறு வந்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக இந்தத் தாள்தான் ஆதாரம். வழக்குப் பதிய 5 வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை.

பழைய போனை அன்றைக்கே விற்க வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதற்குக் காரணம் பணம் இல்லை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்தன. "சாப்டியாம்மா", "வரும்போது வெத்தல வாங்கிட்டு வா" என்று பத்து விநாடி, பதினைந்து விநாடிப் பதிவுகள். வாட்ஸ்அப் சேமிப்பு இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், என்னுடையது படங்களால் எப்போதோ நிரம்பிவிட்டது. பல மாதமாகச் சேமிப்பு நடக்கவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. கடையிலேயே பழசைக் கொடுத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். வீட்டில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உரையாடல்களை நேரடியாக மாற்றும் வசதியில் கியூஆரைக் காட்டினோம். முக்கால் மணி நேரம் ஓடியது. புதுப் போனில் அப்பாவின் குரலைக் கேட்ட பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பழையதை எடுத்துக்கொண்டு மறுபடி லோ யாட் போனோம். ஒருவர் 80 என்றார், ஒருவர் 120, மூன்றாமவர் 200. வீட்டிலேயே கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொண்டுபோனேன். கணக்கை எடுக்காமல் அழித்தால் போன் பூட்டிக்கொள்ளக்கூடும், வாங்குகிறவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

வங்கி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மோசடிகளைத் தடுக்க, 2022ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தபடி, வங்கிகள் பணம் அனுப்புவதற்கான அனுமதியைக் குறுஞ்செய்தியிலிருந்து செயலிக்கு மாற்றின, அதுவும் ஒரே கருவியில் மட்டும். புதுக் கருவியைப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்கவும் வைக்கிறார்கள். நான் பதிந்தது ராத்திரி. மறுநாள்தான் அதில் பணம் அனுப்ப முடிந்தது. வாடகை கட்டும் நாளில் போனை மாற்றாதீர்கள்.

பிளானை 40 வெள்ளிக்கு மாற்றச் செயலியில் இரண்டு நிமிடம் ஆனது. அரை மணி நேரத்தில் அழைப்பு வந்துவிட்டது: 128 பிளானில் முதல் மூன்று மாதம் பாதி விலை தருகிறோம், இருந்துகொள்ளுங்கள் என்று. அந்தத் தாள் இன்னும் மேசையில்தான் கிடந்தது. மூன்று மாதப் பாதி 192 வெள்ளி என்று அதிலேயே எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

பழைய பிளானின் கடைசி பில்லில் அந்த 30 வெள்ளியைச் சொன்னபடி கழித்திருந்தார்கள். அடுத்தது 42.40 வந்தது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவள் பில்லின் படம் வந்தது, ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டு: கருவிப் பாதுகாப்பு, 10 வெள்ளி.