ஊரில் இல்லாதவருக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டார்கள்

இறுதி வாக்காளர் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் தெருவில் விடுபட்டிருந்த பெயர்களில் பெரும்பாலானவை திரும்ப ஏறிவிட்டன. ஒரு கணவன் மனைவியின் பெயர்கள் மட்டும் இன்னும் ஏறவில்லை. அவர்களுக்கு மேல்முறையீட்டு மனு எழுதிக்கொண்டே இதையும் எழுதுகிறேன். அடுத்து இதே வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு எங்கள் அலைச்சலில் பாதியாவது மிச்சமாக வேண்டும்.

நாங்கள் இருப்பது நாகை மாவட்டம், கீழ்வேளூர் பக்கம். தெரு முழுக்க விவசாயக் கூலிக் குடும்பங்கள். நாற்றுப் பறி, நடவு, களை, அறுப்பு என்று மாதக்கணக்கில் வேலை கிடைத்ததை அத்தைமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு பெல்ட் வண்டி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவை நல்லபடியாக விளைந்தாலும் எங்கள் தெருவுக்குக் கிடைக்கும் கூலி நாட்கள் கூடுவதில்லை. அதனால் இளவயதுக்காரர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கேரளாவுக்குக் கட்டட வேலைக்கும் போகிறார்கள். வீடு, ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாம் இங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள், நடுவில் யாராவது செத்தால் வருவார்கள்.

எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கியது 2025 நவம்பர் 4. தீபாவளி அக்டோபர் 20-லேயே முடிந்து எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். பி.எல்.ஓ.வாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக வந்தவர் எங்கள் அங்கன்வாடி டீச்சர். பாவம், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு மழையில் படிவக் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரோடு உதவிக்கு வந்த ஒருவர்தான் பெரியம்மாவிடம், "பையன் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், நீங்க போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தவறு. ஆள் ஊரில் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் வயது வந்த உறவினர், என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். பெரியம்மா அதை நம்பி, அண்ணனும் அண்ணியும் வரட்டும் என்று படிவத்தைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை. சம்பா வயல்கள் மூழ்கின, தெருவுக்குள் தண்ணீர். படிவம் யாருக்கு நினைவிருக்கும்?

டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களையும் இரண்டு இடத்தில் இருந்தவர்களையும் நீக்கியது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் தெருவில் போன பெயர்களுக்கு நேரே இருந்த காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குடிபெயர்ந்தவர். வேலை இல்லாததால் வெளியே போனவர்களின் ஓட்டுதான் முதலில் போயிருக்கிறது.

பட்டியலில் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2002, 2005 பழைய பட்டியலோடு பொருத்த முடியாதவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலில் கீழ்வேளூர் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்படி ஒரு தொகுதியே அப்போது கிடையாது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2011 தேர்தலில்தான் அது வந்தது. பழைய நாகப்பட்டினம், திருவாரூர் போன்ற பக்கத்துத் தொகுதிகளில் தேட வேண்டும். பெயரை வைத்துத் தேடுவதைவிட, ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பாகத்தைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் படிப்பதுதான் பலன் தந்தது. எழுத்துப்பிழை இல்லாத பெயர் அபூர்வம்.

கல்யாணமாகி வந்த பெண்களுக்குக் கஷ்டம் இன்னும் கூடுதல். என் சித்தி வேதாரண்யம் பக்கம் பிறந்தவர். 2002-ல் அவருக்கு ஓட்டு வயது ஆகவில்லை. கணவர் பெயரைக் காட்டியது எங்கள் பகுதியில் எடுபடவில்லை. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவர் பழைய பட்டியலில் இருக்க வேண்டும் என்றார்கள். சித்தியின் அப்பா உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், அந்த வருடம் அவர் பெயரும் விட்டுப்போயிருந்தது.

விசாரணைக்கு அழைத்த நாளில் சித்தி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ரேஷன் அட்டையையும் நூறு நாள் வேலை அட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டும்தான் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கும் காகிதங்கள். இரண்டுமே செல்லாது என்று அங்கிருந்த எழுத்தர் தள்ளிவிட்டார். செல்லாது என்பது உண்மைதான், ஆணையம் சொன்ன ஆவணப் பட்டியலில் அவை இல்லை. ஆனால் எது செல்லும் என்று அவர் சொல்லியிருக்கலாம். "வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்கம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து, பட்டியலைக் கைப்பேசியில் எடுத்துச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்று என்று படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. சாதிச் சான்றிதழ் என்று படித்ததும் நிமிர்ந்தார். "அது இருக்குடி! பள்ளிக்கூடத்துல வாங்கச் சொன்னாங்கன்னு எங்கப்பா வாங்கி வச்சாரு." சித்தி எட்டாவதோடு நின்றவர். ட்ரங்குப் பெட்டியில், பழைய புடவைக்கு அடியில், மடிப்பு கிழிந்துபோய் இருந்தது அந்தச் சான்றிதழ்.

அதை எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி வெள்ளச் சேதக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். இன்னொரு நாள் கூலி போனது. அதற்கடுத்து போனபோது சான்றிதழைப் பார்த்தார், நகலை வாங்கினார், முடிந்தது. அரசு கொடுத்த வீட்டுமனை ஒதுக்கீட்டுச் சான்றும் பட்டியலில் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப் பட்டாவை வைத்து எங்கள் தெருவில் வேறு சிலர் தப்பித்தார்கள். பட்டா வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துப் போங்கள்.

இப்போது அண்ணன் அண்ணி விஷயம். நீக்கப்பட்டவர்கள் உறுதிமொழிப் படிவத்தோடு, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுக்க வேண்டும். கொடுக்கப் போன இடத்தில், படிவத்தைப் புரட்டிப் பார்த்த ஒருவர் பெரியம்மாவிடம் கேட்டார்: "ஊர்ல இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா ஓட்டு?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை. அவருடைய மாமியார், அதாவது என் அப்பாயி, பண்ணையாளாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. வயல் வேலை செய்த எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. 1952-ல் முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டதையும், அதே வருடம் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும் அப்பாயி ஒரே மூச்சில்தான் சொல்லுவார். வெண்மணி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி கூட்டிக் கேட்டதற்காக 44 பேரை எரித்தார்கள். கூலி கேட்கத் திராணி எங்கிருந்து வந்தது என்று இந்தக் குடும்பங்களில் யாருக்கும் தெரியும். செங்கொடியிலிருந்து வந்தது, கையிலிருந்த ஓட்டிலிருந்தும் வந்தது.

2025 டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்குப் போனபோது பையில் படிவங்களும் இருந்தன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு வக்கீல் தோழர் சொல்லிக்கொடுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆம் பிரிவு, 1ஏ உட்பிரிவு. வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டு ஒருவர் தற்காலிகமாக வெளியே போயிருந்தால், அந்த ஒரு காரணத்தால் அவர் அங்கே வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது. இதை மனுவில் எழுதினேன். பிள்ளைகள் படிக்கும் பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை நகல், திருப்பூரில் கம்பெனி அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் விவரம் எல்லாவற்றையும் சேர்த்தேன். பிரிவு எண்ணைப் பார்த்ததும் பேச்சின் தொனியே மாறியது. "சரி, பொங்கலுக்கு வரும்போது ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அதே மனிதர். வந்தார்கள், முடிந்தது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பத்தோடு திருப்பூரிலேயே தங்கிவிட்டவர்கள் அங்கே பதிவு செய்வதுதான் முறை. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது, பொய் உறுதிமொழிக்குத் தண்டனையும் உண்டு. தன் ஊர் எது என்பதைத் தொழிலாளி சொல்ல வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்து வேறு யாரோ முடிவு செய்யக் கூடாது.

இதே கதை நூறு நாள் அட்டையிலும் நடந்தது. மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்த் திரும்பிய அத்தையின் பெயர் அட்டையிலிருந்து நீங்கியிருந்தது. காரணம் இங்கேயும் "வெளியூர் சென்றவர்". 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். கணவர் இல்லாத அத்தைக்கு அதுதான் வருமானம். ஒன்றிய அலுவலகத்தில், "ஓட்டு லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாத்து நகல் கொண்டாங்க" என்றார்கள். வேலை அட்டைக்கு வாக்காளர் பட்டியல் நிபந்தனையே கிடையாது. கிராமப்புறக் குடும்பத்தில் வயது வந்தவர் என்றால் போதும், விண்ணப்பித்த 15 நாளில் அட்டை தர வேண்டும். வாயால் சொன்னதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தரவில்லை, மனுவை வாங்கிக்கொண்டார்கள். தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவரும் இல்லை. 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் நடக்கிறது. கேட்பதற்கு மிச்சமிருப்பது கிராம சபைதான். அந்தக் கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களின் சபை, அரசமைப்புச் சட்டம் 243-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பட்டியலில் பெயர் போனால், வேலை எங்கே நடக்க வேண்டும், கணக்கு சரியா என்று கேட்கும் இடமும் சேர்ந்து போகிறது. கூலிக்காரருக்கு இதைவிடப் பெரிய நட்டம் என்ன இருக்கிறது?

ஜனவரி 26 கிராம சபையில் அத்தையே எழுந்து நின்று பேசினார். அட்டையை நீக்குவதாக இருந்தால் பெயரை முன்கூட்டி வெளியிட்டு, சபையில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும், எப்போது கேட்டீர்கள் என்றார். சபையில் சத்தம் அடங்கிவிட்டது. தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொன்னோம், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். அட்டை திரும்ப வந்துவிட்டது. நூறு நாளுக்குப் பதிலாக 125 நாள் வேலை என்று 2025 டிசம்பரில் புதிய சட்டம் வந்திருக்கிறது. விவசாயப் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. பருவத்தில் பெல்ட் வண்டிதான் வயலில் நிற்கிறது, அந்த 60 நாள் அத்தை எங்கே போவார் என்று அடுத்த சபையில் கேட்கப்போகிறோம்.

ஏறாத அந்த இரண்டு பெயர்கள், கடைசி வீட்டுக்காரர்களுடையவை. இருவரும் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கியிருப்பதால் பொங்கலுக்கும் விடவில்லை. படிவம் 6 கொடுத்தும், நேரில் பார்க்க வந்தபோது ஆள் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். நிராகரிப்பு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டேன். உத்தரவு வந்த தேதியிலிருந்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் ஆகவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். ஒரு நாள் அனுப்பச் சொல்லிச் சூளைக்காரரிடம் பேச ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவும் நானும் போகிறோம். அவர் அனுப்பாவிட்டாலும், அவர்கள் கையெழுத்தையாவது வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை மனுவைக் கொடுத்துவிடுவோம்.