பேபி கொட் மெத்தை உறை: மலைநாட்டு மழைக்கு எது தாங்கும்?

பேபி கொட் மெத்தைக்கு வோட்டர்புரூஃப் உறை வாங்கப் போனால் "தண்ணி உள்ளே இறங்குமா?" என்று மட்டும்தான் கேட்போம். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் இருப்பவர்கள் "கழுவினால் எப்போது காயும்?" என்றும் யோசித்தே வாங்க வேண்டும். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை கொடித்துணி லேசில் காயாது. அரை ஈரத்தோடு உறையை விரித்தால் அந்த ஈரம் பிள்ளையின் முதுகுக்கும், ஓரத்து இலாஸ்டிக் வழியாக மெத்தைக்கும் போகும். அதே ஜூலையில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். அங்கே 2 உறை போதும். ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவில் 3 இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது ரெக்சீன் அல்லது ரப்பர் சீட். விலை குறைவு, துடைத்தால் போதும். ஆனால் காற்றுப் போகாது. நுவரெலியாக் குளிரிலும் பிள்ளையின் முதுகு வேர்க்கும், பிறகு அந்த வேர்வையே குளிரும். சும்மா விரித்துப் போட்டால் நழுவிச் சுருண்டு முகத்துப் பக்கம் வரும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உறை தொடுவதற்கு மெத்தென்று இருக்கும், ஆனால் உள்பஞ்சு தண்ணியைக் குடித்துக்கொண்டு நாட்கணக்கில் விடாது. நான் சிபாரிசு செய்வது மெல்லிய பருத்தித் துணி அல்லது துவாய்த் துணியின் அடியில் பொலியூரித்தேன் (தண்ணி விடாத மெல்லிய பிளாஸ்டிக்) படலம் ஒட்டிய வகை. சுற்றிவர இலாஸ்டிக் இருக்க வேண்டும். நான்கு மூலைக்கு மட்டும் பட்டி வைத்தது வேண்டாம். பிள்ளை புரளத் தொடங்கினால் நடுவில் சுருங்கிவிடும்.

அளவெடுக்கும்போது கட்டிலை அல்ல, மெத்தையை அளக்கவும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். 48 × 24 அங்குலம், 4 அங்குல உயரம் என்றால், பக்கங்களை மூடி அடியில் 3 அங்குலம் மடிய, விரித்த துணி 62 × 38 வர வேண்டும். பருத்தி முதல் கழுவலில் சுருங்கும் என்பதால் அச்சொட்டாக வாங்கக் கூடாது. சுருங்கிய உறையை இழுத்து மாட்டினால் ஸ்பொஞ் மெத்தையின் மூலைகள் மேலே வளைந்து, கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் இடையில் சந்து விழும். அந்தச் சந்தில் இரண்டு விரலுக்கு மேல் போனால் அது பிள்ளைக்கு ஆகாது. மெத்தையும் கெட்டியாக இருக்கட்டும்: ரப்பர் கலந்த தும்பு மெத்தை நல்லது, பிள்ளை அமிழும் இலவம்பஞ்சு வேண்டாம்.

புதிதாக வாங்கியதை ஒரு முறை கழுவிக் காயவைத்து, பிறகு சோதித்துப் பாருங்கள். கீழே பேப்பர் விரித்து, அதன்மேல் உறையைத் துணிப்பக்கம் மேலாகப் போட்டு, அரைக் கப் தண்ணி ஊற்றுங்கள். உள்ளங்கையால் நன்றாக அழுத்தி அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தாமல் சோதித்தால் மட்டமான உறையும் தேறிவிடும். பிள்ளையின் பாரம் ஏறினால்தான் தண்ணி வழி தேடும். பேப்பரில் பொட்டு ஈரம் தெரிந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கழுவிய உறையைக் கடைக்காரர் வாங்குவாரா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்!

மூத்திரம், பால், மலம் எதுவானாலும் முதலில் பச்சைத்தண்ணியில் அலசவும். சுடுதண்ணி பட்டால் பால் கறையும் மலக் கறையும் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சமாக சோப் பவுடர் போட்டு ஊறவைத்துக் கையால் கசக்குங்கள். பீலிக்கரைக் கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் படலத்தைக் கிழிக்கும். துவாயில் சுருட்டி அமுக்கித் தண்ணி எடுக்கலாம். ப்ளீச்சும் துணி மெதுவாக்கும் திரவமும் வேண்டவே வேண்டாம். மூத்திர நெடி போகாவிட்டால் 5 லீட்டர் தண்ணிக்கு அரைக் கப் வெள்ளை வினாகிரி விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசவும். ப்ளீச் இருக்கும் வாளியில் வினாகிரியை ஊற்றிவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

படலத்தின் வழியாகத் தண்ணி வெளியேறாது. துணிப்பக்கம் வழியாகத்தான் பெரும்பாலும் காயும். அதனால் துணிப்பக்கம் வெளியே தெரியும்படி, இரண்டு கொடிக்கு மேலாக அகட்டிப் போடுங்கள். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் இரண்டு படலமும் உள்ளே ஒட்டிக்கொண்டு மடிப்பு நாறும். இஸ்தோப்பில் காற்று வரும் மூலை, இல்லையென்றால் உள்ளே ஃபேனுக்கு எதிரே. அடுப்புக்கு மேல் கட்டினால் புகை ஏறும், சூட்டில் படலம் பிசுபிசுத்து உரியும். பிள்ளைத் துணிக்குச் சாம்பிராணி காட்டும் கூடையிலும் இதைக் கவிழ்க்க வேண்டாம். கரிச்சட்டியை அடைத்த அறைக்குள் வைத்துக் காயவைப்பது உயிருக்கே ஆபத்து.

மலைக்குளிரில் காய்ந்த துணியும் கைக்கு ஈரம் போலவே படும், ஆகையால் கையை நம்பாதீர்கள். இலாஸ்டிக் மடிப்புதான் கடைசியாகக் காயும் இடம். அதில் டிஷூ ஒன்றை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிஷூ நொய்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காலையில் பிள்ளையைத் தூக்கியதும் உறையைக் கழற்றி, மெத்தையைச் சுவரோடு ஒரு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். பிள்ளையின் உடல் சூட்டில் எழும் ஆவி, அடியிலுள்ள குளிர்ந்த பலகையில் தண்ணியாகப் படியும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்த அடிப்பக்கத்தில்தான். இடைவெளி விட்ட சட்டம் என்றால் தொல்லை குறைவு.

உறையில் கறுப்புப் புள்ளி மேலோட்டமாக இருந்தால் வினாகிரிக் கழுவலும் வெயிலும் போக்கும். துணிக்கும் படலத்துக்கும் நடுவே புகுந்துவிட்டால் கழுவி எடுக்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசித்துளை, குமிழ், உரிந்த திட்டு ஏதாவது தெரிந்தால் கட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பூஞ்சணம் இல்லாத துண்டாகப் பார்த்து வெட்டி, பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது அடியில் போட்டுக்கொள்ளலாம்.