கம்பு கையில் இல்லாத நேரம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலைச் சிலம்ப வகுப்பு முடிந்து கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் அம்மா வந்து நின்றார். மகளுக்கு 13 வயது. சேலம் கன்னங்குறிச்சியில் பஸ் ஏறி, பழைய பஸ் நிலையத்தில் இன்னொரு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிறவள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இவ நல்லாத்தான் சுத்துறா. ஆனா பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையைப் புடிச்சு இழுத்தா, கம்பா கையில இருக்கப்போகுது?"

இதற்கென்று எல்லா வகுப்புகளிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். தன்னம்பிக்கை வரும், தைரியம் வரும், இத்யாதி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நாள் முழுக்கக் கொலுசுக்குப் பற்று வைக்கிற வேலை. கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு வேறெங்காவது சுற்றும். இன்று அந்தக் கேள்வியைத்தான் சுற்றியது.

சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்று இரண்டு உண்டு. ஆடி பிறந்தால் கோயில் திருவிழாக்களில் ஜனங்கள் கூடி நின்று பார்ப்பது முதல் வகையை. தீப்பந்தம் கட்டிய கம்பு, சுருள்வாள் என்றால் கைதட்டல் இன்னும் கூடும். போட்டியிலும் தனித்திறமைப் பிரிவு என்றால் பிள்ளைகளுக்கு ஆசை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாகவும் வந்தது. அப்புறம் சேர்க்கை ஏறாமல் என்ன செய்யும்? நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை வாரம் முழுக்கக் காற்றைத்தான் அடிக்கிறது. எதிரே ஒரு ஆள், அவன் கையில் ஒரு கம்பு, உடம்பில் தொட்டால் புள்ளி என்கிற தொடுமுறைக்கு மிஞ்சுவது கடைசிப் பத்து நிமிடம். ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், எப்போது பாய்வான் என்பதைக் கண் கற்றுக்கொள்வது அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான்.

ஜூன் 13, வெள்ளி

ராத்திரி தூக்கம் வராமல் ஜூடோவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கொடோகான் பள்ளியைத் தொடங்கியபோது செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஜப்பானியச் சண்டைக்கலையான ஜுஜுட்சுவில் அடிகள், கண்ணைக் குத்துவது என்று ஆபத்தான வித்தைகள் நிறைய. அவற்றையெல்லாம் அவர் முறை மாறாமல் செய்து காட்டும் 'கதா'வுக்கு ஒதுக்கிவிட்டார். வீசி எறிவது, அழுத்திப் பிடிப்பது போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க எதிர்க்கச் செய்யும் 'ரண்டோரி' பயிற்சியை நடுவில் வைத்தார். ஆபத்தானதைக் கழித்ததால்தான் மீதியை முழு வேகத்தில் பழக முடிந்தது. "எங்க வித்தை உயிரையே எடுத்துடும், அதனாலதான் மோதிப் பாக்கறதில்ல" என்று மார்தட்டுகிற பள்ளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. யாரிடமும் செய்து பார்க்காத வித்தை உயிரை எடுக்கும் என்று எப்படித் தெரிந்தது?

கொடோகானின் மிட்சுயோ மயேதா பிரேசில் போய் கிரேசி குடும்பத்துக் கார்லோஸுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சியில், பல கலைக்காரர்கள் மோதும் போட்டியில், ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். ஒருவர் குத்துச்சண்டை, ஒருவர் மல்யுத்தப் பிடி, ஒருவர் சவாத் என்கிற பிரெஞ்சு உதைச்சண்டை. சீனாவில் 2017-ல் ஷூ ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டைப் பயிற்சியாளர் ஒரு தாய்ச்சி ஆசானை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தி, ஊரெல்லாம் வசை வாங்கினார்.

அதற்காக ராய்ஸை அப்படியே எங்கள் ஊர் நான்கு ரோட்டுக்குக் கூட்டிவரவும் முடியாது. அங்கே ஒரே எதிராளி, மெத்தைத் தரை, கையில் ஆயுதம் இல்லை. இங்கே தார் ரோட்டில் ஒருவனைக் கீழே தள்ளி அழுத்திப் பிடித்தால், அவன் கூட்டாளி தலையில் உதைப்பான்.

ஜூன் 15, ஞாயிறு

போலீஸில் இருக்கும் என் பள்ளி நண்பனை மைதானத்துக்கு வரச் சொன்னேன். பிவிசி பைப்பில் பஞ்சு சுற்றி, மேலே துணி கட்டிய கம்புகள், ஹெல்மெட்டுகள். முதலில் பெரிய பையன்கள் மட்டும். நண்பனுக்கு ஒரே வேலை: அடி விழுந்தாலும் பரவாயில்லை, நெருங்கிச் சட்டையைப் பிடிக்க வேண்டும்.

"நான் பாத்த அடிதடியில பாதி இப்படித்தான் மாப்ள. சட்டையப் புடிப்பான், தள்ளுவான், ரெண்டு பேரும் உருளுவான். ஸ்டைலா எவனும் நிக்க மாட்டான்."

முதலில் வந்தவன் தனித்திறமையில் பதக்கம் வாங்கியவன். பார்க்கவே அழகு. முதல் வீச்சை நண்பன் தோளில் வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டான். அவ்வளவு கிட்டத்தில் நெற்றி உயரக் கம்பு எதற்கும் ஆகாது. காலர் பிடிபட்ட பிறகும் பையன் கம்பை விடவில்லை. இரண்டு கையும் கம்பில் மாட்டிக்கொண்டதால் தடுக்கவும் கை இல்லை.

அடுத்தவன் கல்லூரி மாணவன், மேடையில் யாரும் திரும்பிப் பார்க்காத ரகம், ஆனால் தொடுமுறை என்றால் ஆளை விடமாட்டான். சுற்றவே இல்லை. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கம்பின் முனையை நண்பன் நெஞ்சில் ஊன்றித் தூரத்திலேயே நிறுத்தினான். நண்பன் ஒருவழியாகப் புகுந்தபோது இவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு நழுவி ஓடிவிட்டான். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அதுதான் இன்றைக்குப் பார்த்த நல்ல அடவு.

பிறகு பெண் பிள்ளைகள். கம்பில்லாமல் வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையில் வரும் கை விடுவிப்பு. எதிராளியின் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, உடம்பையும் சேர்த்து உருவ வேண்டும். சட்டென்று செய்தால் வருகிறது. நண்பன் எதிர்பார்த்து இறுக்கினால் பாதிப் பேருக்கு வரவில்லை.

"கை அப்புறம் வரட்டும் பாப்பா, முதல்ல கத்து" என்றான். யாராலும் முடியவில்லை! ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தாள், ஒருத்திக்குக் காற்றுதான் வந்தது. இத்தனை நாளாக வகுப்பில் சத்தம் போடாதே என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறோம். வீட்டிலும் அதேதான்.

ஜூன் 19, வியாழன்

நண்பன் போனில் சட்டம் சொன்னான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. காத்துக்கொள்ளத் தேவையானதுக்கு மேல் காயப்படுத்தினால் அந்த உரிமை துணைக்கு வராது. விழுந்தவனை மறுபடி அடிக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பழகும் பையன்களுக்கு இதை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாபேட்டை போய் ஆசானைப் பார்த்தேன். பைப், ஹெல்மெட் என்றதும் முகம் சுளித்தார். "பைப்பா? மூங்கில் என்ன பாவம் பண்ணுச்சு?"

நிஜச் சண்டை போட்டிருக்கிறாரா என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. வாலிபத்தில் ஒரு வாய்க்கால் தகராறாம். எதிராளியின் விரல் முட்டியில் ஒரு தட்டு, அவன் கம்பு விழுந்தது, ஆசான் ஓடிவிட்டார்.

"ஏனுங்க ஓடினீங்க?"

"பின்னால நாலு பேர் வந்தான்ல?"

சாயங்காலம் அந்த அம்மாவைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். இப்போது நடக்கிற வகுப்பு, பஸ் ஸ்டாண்டுக்கு அவ்வளவாக உதவாது. காலடியும் பார்வையும் உதவும். கத்துவதையும் பிடி விடுவிப்பதையும் எதிர்க்கிற ஆளோடு பழகினால் இன்னும் உதவும். பெரிய ஆள் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் எந்தக் கலைக்கும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, இரண்டு எண்களும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும். "சரிங்கண்ணா, அப்ப அதைச் சொல்லிக்குடுங்க" என்றார். ஃபீஸ் ஏறுமா என்றும் கேட்டுக்கொண்டார்.

ஜூலை 2, புதன்

புதன்கிழமைகளில் கடைசி அரை மணி நேரம் இனி கம்பு கிடையாது. பழைய சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தேன், ஆனாலும் ஒரு புது யூனிஃபார்ம் கிழிந்தது. கத்தும் பயிற்சியில் அந்த 13 வயதுக்காரிதான் முதலில் தேறினாள். அவள் போட்ட "விடுறா!"வில் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் டார்ச்சோடு ஓடிவந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பினோம். புதன்கிழமை சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடலாம் என்றேன்.

"அப்படிச் சொல்லி வச்சுட்டீங்கன்னா, நிஜமாவே ஒருத்தி கத்துறப்ப யாருண்ணா வருவா?" என்றார் அவள் அம்மா.

அடுத்த வாரம் முதல் வீடுகள் இல்லாத வேறு இடம் பார்க்கிறோம்.